ஏழாம் பெட்டுக்கு எட்டவில்லை

இருபத்து மூன்று வருஷம் கட்டில் பக்கத்தில் நின்று பிழைத்தவள், இனிமேல் கட்டில் பக்கமே போகக் கூடாது என்று ஆன பிறகு, கட்டில் செய்கிற தொழிற்சாலைக்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். பழைய குருடி கதவைத் திறடி என்று அவளுடைய நாத்தனார் சொன்னது இதைப் பார்த்துத்தான். நாத்தனார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு குத்தல் இருக்கும். பாதி நாள் கொஞ்சம் உண்மையும் இருந்து தொலைக்கும், அதுதான் எரிச்சல்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெரிய சிஸ்டர் என்று பெயர். ஆள் ஒன்றும் பெரிதில்லை, குளுக்கோஸ் பாட்டிலை மாட்ட வேண்டுமென்றால் நுனிக்காலில் நிற்க வேண்டும். குரல்தான் பெரிது. பெண்கள் வார்டின் இந்தக் கோடியில் நின்று "யாரும்மா அது, ட்யூபை இழுக்குறது?" என்று கேட்டால், அந்தக் கோடியில் ட்யூபில் கை வைத்தவள் மட்டுமில்லை, வைக்கலாமா என்று யோசித்தவளும் கையைப் போர்வைக்குள் விட்டுக்கொள்வாள். டாக்டர்களே அந்தக் குரலுக்கு ஒரு கணம் கையைப் பார்த்துக்கொள்வார்கள், கழுவினோமா இல்லையா என்று.

வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. அங்கே பேஷன்ட் என்று யாரும் கிடையாது, எல்லாம் பெட்தான். "மூணாம் பெட் அழுவுது, போய் என்னன்னு கேளு." "ஒம்போதாம் பெட்டுக்கும் மருமகளுக்கும் ஆகல, ரெண்டு பேரையும் ஒண்ணா விடாதே." "பதினாலாம் பெட் நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுச்சு." வெளியாள் கேட்டால், கட்டிலுக்குக் கால் முளைத்துப் பஸ் ஏறி விட்டதோ என்று நினைப்பான். பெரிய சிஸ்டருக்கு அந்தப் பாஷை தாய்மொழி மாதிரி. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கூட "நாலாம் பெட்டுக்கு நாளைக்கு ஆபரேஷன், பாவம், பயந்துகிட்டே இருக்கு" என்பாள். அவள் கணவர் பஸ் டிரைவர். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, "எங்க ஏழாம் நம்பருக்கும் கியர் பாக்ஸ்ல ஆபரேஷன்தான்" என்பார். ஏழாம் நம்பர் நிஜமாகவே பஸ்.

முதுகு போனது பதினோராம் பெட்டால். அந்த அம்மா கல்யாண மண்டபங்களுக்குச் சமைத்துப் போடுகிற கான்ட்ராக்டர், நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. தலையணையை விட்டுச் சறுக்கிக் கீழே வந்துவிட்டார். மேலே இழுத்துப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும் என்று சட்டம். அந்தச் சட்டத்தைப் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே பெரிய சிஸ்டர்தான். ஆனால் கூட இருந்தவள் போன் எடுக்கப் போயிருந்தாள். அவள் வரட்டும் என்று காத்திருக்க நம் ஆளுக்குப் பொறுமை ஏது? அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். மூன்றில் அந்த அம்மா மேலே போனார், இவள் கீழே உட்கார்ந்தாள். இடுப்பில் யாரோ கம்பியைக் காய்ச்சிச் சொருகிய மாதிரி இருந்தது.

மறுநாள் கான்ட்ராக்டர் அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார். காலியான அதே பதினோராம் பெட்டில் பெரிய சிஸ்டரைப் படுக்க வைத்தார்கள். மதியம் ஷிப்ட் மாறும்போது, அவள் பழக்கி விட்ட பெண்ணே அடுத்து வந்தவளிடம் நோட்டைப் பார்த்து ஒப்பித்தாள்: "பத்தாம் பெட், சுகர். பதினோராம் பெட், முதுகு, எட்டு மணிக்கு மாத்திரை." பெரிய சிஸ்டருக்குச் சுருக்கென்றது. தான் கற்றுக் கொடுத்த பாஷைதான், பிழையில்லாமல்தான் பேசினாள், குறை சொல்ல வழியில்லை.

எட்டு நாள் அந்தப் பெட்டில் கிடந்தாள். அதில் ஒரு மத்தியானம் நடந்ததை அவள் கணவரிடம் கூடச் சொல்லவில்லை. நாமும் இப்போதைக்கு விட்டு விடுவோம். சொல்ல வேண்டிய இடத்தில் அவளே சொல்வாள்.

டாக்டர் தீர்ப்பு ஒரே வரி. "ஒரு பக்கெட் தண்ணி கூட இனிமே தூக்கக் கூடாது சிஸ்டர்." தண்ணீர்ப் பக்கெட்டே தூக்கக் கூடாதவள் மனுஷர்களை எப்படித் தூக்குவது?

தலைமை நர்ஸ் அம்மா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விரல் விட்டு எண்ணினார். "நர்சுக்குப் படிச்சவளுக்கு ஆயிரம் வாசல் இருக்கு. ட்ரெய்னிங் ஸ்கூல்ல பாடம் எடுக்கலாம். போன்ல ஆலோசனை சொல்ற பிரிவு இருக்கு. கிருமி பரவாம பாக்குற வேலை இருக்கு. பள்ளிக்கூடத்துல நர்சா உக்காரலாம். எதுவும் வேணாம்னா நம்ம துணி ஸ்டோர் இருக்கு, படுக்கை விரிப்பு எண்ணிக் குடுத்துட்டு நிம்மதியா இரு."

"ஆயிரம் வாசலும் வெளியே போற வாசலா இருக்கேம்மா" என்றாள் பெரிய சிஸ்டர்.

இருந்தாலும் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பார்த்தாள். ட்ரெய்னிங் ஸ்கூலில் பாடம் எடுக்க ஒரு ரப்பர் பொம்மை. ஊசி போட்டுக் காட்டச் சொன்னார்கள். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று பொம்மையின் தோளைத் தட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அதைக் கூடப் பொறுத்திருப்பாள், ஆனால் அந்தப் பொம்மையே நாற்பது கிலோ, அதை மேஜைக்கு மேஜை தூக்கிப் போடுவதும் ஆசிரியை வேலையாம். போன் பிரிவில் இரண்டு வாரம் தாக்குப் பிடித்தாள். மூன்றாவது வாரம் தொண்டை வலி என்று கூப்பிட்ட ஒருவரிடம் பழக்கதோஷத்தில் "நாக்கை நீட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேஜைக்காரி ஏதோ கேட்க, அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அந்த மனுஷர் எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டு இருந்தாரோ, பாவம். கிருமிப் பிரிவில் இவள் கைகழுவும் தொட்டி பக்கத்தில் நின்றதும் பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் மாடிப்படி வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை அன்று வரும் வயிற்று வலிகளை முதல் வாரமே கண்டுபிடித்து வகுப்புக்குத் திருப்பி அனுப்பினாள். அதற்கப்புறம் பிள்ளைகள் யாரும் அந்த அறைப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை, ஒருவரும் வராத அறைக்கு நர்ஸ் எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்டார்.

ஆக, மிஞ்சியது துணி ஸ்டோர். அதற்குள் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து தீர்மானமே போட்டுவிட்டார். "உழைச்சது போதும். வீட்டோட இரு. காலையில நான் ஒரு டம்ளர் காபி குடிக்க இங்கயே வந்துடுறேன், நாலு வார்த்தை பேசிட்டிருக்கலாம்." நான்கு வார்த்தை என்று நாத்தனார் சொன்னால் அது நான்கு மணி நேரம். பெரிய சிஸ்டர் வெலவெலத்துப் போனாள்.

விளம்பரத்தைப் பார்த்தது கணவர்தான். காலை நேரத்துப் பேப்பரை மடித்து அவள் முன்னால் போட்டார். மருத்துவமனைக் கட்டில்கள் தயாரிக்கும் நிறுவனத்துக்கு, அனுபவமுள்ள நர்ஸ் தேவை.

"கட்டிலுக்கு எதுக்குங்க நர்ஸ்? அதுக்கென்ன காய்ச்சலா வரும்?"

"பஸ்ஸை வரைஞ்சவன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதை ஓட்டிப் பாத்திருந்தான்னு வை, என் முட்டி இன்னிக்கு இப்படி இருக்குமா? போ. போய் அவனுங்ககிட்டச் சொல்லிட்டு வா."

தொழிற்சாலை முதலாளி ஒரு அம்மா. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் சொருகியிருக்கும், தேடும்போது மட்டும் அது அகப்படாது. சுற்றி வளைக்காமல் பேசினார். "எங்க பெட் எல்லாம் பாக்க நல்லா இருக்கு. ஆனா ஆஸ்பத்திரியில ஒரு தடவை வாங்கினவங்க ரெண்டாம் தடவை கூப்பிட மாட்டேங்குறாங்க. ஏன்னு எங்களுக்குத் தெரியல. ஆறு மாசம் பாருங்க. நீங்க சொல்லி ஒரு பெட்டாவது மாறணும். மாறலேன்னா, மனஸ்தாபம் இல்லாம பிரிஞ்சிடுவோம்."

நீளமான கொட்டகை. ஒரு பக்கம் பற்றவைக்கிற பொறி பறக்கும், மறுபக்கம் பெயின்ட் நெடி. நடுவில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பத்து மாதிரிக் கட்டில்கள், தலைமாட்டில் ஒன்று முதல் பத்து வரை எண். எண்களைப் பார்த்ததும் பெரிய சிஸ்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாதி வார்டு வந்து சேர்ந்துவிட்டதே.

அந்தப் பத்துக் கட்டிலையும் வரைந்தவர் தலைமை வடிவமைப்பாளர், நாற்பது வயதுக்காரர், தடிமனான மூக்குக் கண்ணாடி. பொத்தான் என்றால் உயிர். ஒரு பொத்தான் போதும் என்ற இடத்தில் மூன்று வைப்பார். தொழிற்சாலையில் அவருக்குப் பொத்தான் சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு வலது கை மூத்த பிட்டர், முப்பது வருஷமாக ஸ்பானர் பிடித்தவர், காது கொஞ்சம் மந்தம். இருவருமே மரியாதையானவர்கள்தான். அவளை "வாங்க மேடம், உக்காருங்க மேடம்" என்றார்கள்.

மேடம். இருபத்து மூன்று வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எண்பது வயதுத் தாத்தாவும் சிஸ்டர், எட்டு வயதுப் பொடிசும் சிஸ்டர், காய்கறிக்காரர் கூட சிஸ்டர். இங்கே மேடம் என்று கூப்பிட்டால் தனக்குப் பின்னால் யாரோ நிற்பதாகத் திரும்பிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டாள். "பேஷன்ட் இல்லாதவ, ஊசி போடாதவ, கட்டில் பக்கத்துல நிக்காதவ. என்னை இனிமே நர்சுன்னு சொல்லலாமாங்க?" வேலை போனால் துணி ஸ்டோரில் விரிப்பு எண்ணலாம், அது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் தான் நர்ஸ் இல்லை என்று ஆகிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அந்தப் பயம்தான் பெரிது.

வேலை இதுதான். டீ வேளையில் தொழிலாளிகள் பத்துப் பேர் கட்டில்களில் படுப்பார்கள். இதற்கு மட்டும் போட்டா போட்டி. இவள் ஒவ்வொருவராகப் போய்க் கவனித்து, சாயங்காலம் அறிக்கை எழுத வேண்டும். முதல் வாரம் ஆசை ஆசையாக உட்கார்ந்து எழுதினாள். அறிக்கை எழுதுவது அவளுக்குப் புதிதா என்ன? 'நாலாம் பெட் இடது பக்கம் சாயுது. ஆறாம் பெட்டுக்கு மூச்சு வாங்குது. எட்டாம் பெட் முனகிக்கிட்டே இருக்கு, கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. மற்ற பெட் எல்லாம் நல்லாத் தூங்குது.'

மறுநாள் காலை அவள் உள்ளே வந்தபோது நாலாம் கட்டிலின் இடது பக்கத்துக் கால்கள் இரண்டும் கழற்றித் தரையில் கிடந்தன. பொத்தான் சார் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிய ஆறாம் கட்டிலின் காற்று மெத்தைக்குப் புது மோட்டார் ஏறியிருந்தது. மூத்த பிட்டர் எட்டாம் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கீல் கீலாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், சட்டை முழுக்க எண்ணெய்.

"எவ்வளவு ஆட்டியும் முனகலையே மேடம்" என்றார் அடியிலிருந்து.

பெரிய சிஸ்டருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நாலாம் பெட் என்றால் நாலில் படுத்திருந்த லோடு ஏற்றுகிறவர், தூக்கத்தில் இடது பக்கமாகச் சாய்கிறவர். ஆறாம் பெட்டுக்குத் தொந்தி, தலைமாட்டை இறக்கினால் மூச்சு வாங்கும். எட்டாம் பெட்டுக்கு வீட்டில் ஏதோ சண்டை.

"பெட்டுன்னா பெட் இல்ல சார். பெட்டுன்னா பெட்டுல இருக்குறவங்க."

பொத்தான் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பேருடைய ஒரு நாள் வேலை போயிருந்தது. "பெட்டுக்கு மூச்சு வாங்காது மேடம்."

"வாங்கலேன்னா உடனே டாக்டரைக் கூப்பிடணும் சார்" என்றாள், வாய் சும்மா இருக்காமல்.

மூத்த பிட்டர் கட்டிலுக்கு அடியிலேயே சிரித்தார். பொத்தான் சார் சிரிக்கவில்லை. விஷயம் முதலாளியம்மா காதுக்குப் போனது. இனிமேல் பெட் என்றால் இரும்பு மட்டும், மனுஷனை ஆள் என்று எழுதுங்கள் என்று உத்தரவு வந்தது. சரி என்று தலையாட்டினாள். ஆனால் இரும்பைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? பாஷையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு எழுதுவதற்கு ஒன்றும் வரவில்லை. 'உயரம் சரி. சக்கரம் சரி. பிரேக் சரி.' இப்படியே நான்காவது மாதமும் வந்து போனது. அறிக்கையை வாசித்தவர்கள் ஒரு கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தார்கள், ஒரு கட்டிலில் ஒரு ஆணி கூட மாறவில்லை. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, கண்டக்டர் மாதிரி ரைட்டு ரைட்டுன்னு எழுதிட்டிருக்க?" என்றார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு மாதத்தில் நான்கு மாதம் முடிந்துவிட்டது.

அப்போதுதான் பொத்தான் சாருடைய புதுக் கட்டில் வந்தது. ஏழாம் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இது பார்ப்பவர்கள் கண்ணுக்கே பொன்குஞ்சுதான், அதைச் சொல்லத்தான் வேண்டும். வெண்ணெய் மாதிரி வழவழப்பு. பக்கக் கம்பிக்குப் பதில் வளைந்த பலகை. அதில் ஒரு குழி, குழிக்குள் அழகாக உட்காரும் ரிமோட், அதில் பதினோரு பொத்தான்கள். தலை ஏற, தலை இறங்க, கால் ஏற, கால் இறங்க, விளக்கு, இன்னும் என்னென்னவோ. நர்சைக் கூப்பிடும் மணி ஒன்பதாவது பொத்தான். இரண்டு வாரத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்கு முன் சோதனைத் தாளில் பெரிய சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கையால் தடவிப் பார்த்தாள். "பெல்லை எங்க சார் கட்டுறது?"

"கட்டுறதா?"

வார்டில் பெரிய சிஸ்டர் பழக்கிய பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் பாடம் அதுதான். புதிதாக ஒருவரைப் படுக்க வைத்தால் மணியின் ஒயரை ஒரு துண்டு பாண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்து, கைக்கு எட்டுகிற இடத்தில் கட்ட வேண்டும். கட்டாமல் நகரக் கூடாது. இழுத்தால் வராத, அவிழ்த்தால் சுலபமாக அவிழும் ஒரு முடிச்சு, அதுவும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான்.

"கட்டில்னு பேர் வச்சிருக்கீங்க, கட்டுறதுக்கு ஒரு இடம் இல்லையே சார்."

"கண்டதையும் கட்டித் தொங்க விட இது என்ன துணி காயப்போடுற கொடியா மேடம்? குழியில வச்சா உக்காந்துக்கும். பத்துப் பேர் படுத்துப் பாத்தாங்க, பத்துப் பேருக்கும் எட்டுச்சு."

"பத்துப் பேரும் டீ வந்ததும் எந்திரிச்சு ஓடுற பேஷன்ட் சார்."

கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். முதலாளியம்மா அறைக்கு இருவரும் போனார்கள். முதலாளியம்மா கொண்டையில் இருந்த பென்சிலை மேஜையில் தேடிக்கொண்டே இரண்டு பக்கத்தையும் கேட்டார். "நாலு மாசமா எல்லாம் சரின்னு எழுதினீங்க. இதை மட்டும் சரியில்லைங்குறீங்க. எழுதிக் காட்டுங்க, என்ன சரியில்லைன்னு."

"எழுத வராதும்மா. எழுதினா பிட்டரண்ணன் எண்ணெய் ஊத்துவார். சாரை ஒரு மணி நேரம் எனக்குக் குடுங்க. அப்பவும் அவர் சரின்னு சொன்னார்னா கையெழுத்தும் போடுறேன், இன்னியோட நின்னுக்கவும் செய்றேன்."

இது வாய்க்கொழுப்பில் சொன்னதுதான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஏழாம் கட்டிலில் பொத்தான் சாரைப் படுக்க வைத்தாள். கூச்சப்பட்டு ஷூவோடு ஏறப் பார்த்தார், கழற்ற வைத்தாள். வலது கைக்கு ஒரு அட்டைப் பலகையை வைத்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளாஸ்டர் ஒட்டினாள். "இதுல ட்ரிப்ஸ் ஏறுது, மடக்கக் கூடாது." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "முதுகுல ஆபரேஷன், மல்லாந்துதான் படுக்கணும், புரளக் கூடாது." வலது பக்கத்து மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். ரிமோட்டை அவர் வடிவமைத்த குழியிலேயே, அவர் சொன்னபடியே, உட்கார வைத்தாள். "ஏதாவது வேணும்னா பெல் அடிங்க, வந்துடுவேன்." எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, பெயின்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்த தடுப்புக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு இடது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி வலது பக்கத்துக் குழியைத் துழாவும் சத்தம். ரிமோட் கைக்கு வந்துவிட்டது. கண்ணாடி இல்லாத கண்ணுக்குப் பதினோரு பொத்தானும் ஒரே பொத்தான். எதையோ அழுத்தினார். கால் பக்கம் மெதுவாக, மிக மிக மெதுவாக, மேலே ஏற ஆரம்பித்தது. பதறி இன்னொன்றை அழுத்தினார். தலை இறங்கியது. மூன்றாவதை அழுத்துவதற்குள் ரிமோட் வழவழப்பான பலகையில் சறுக்கி, டக் என்று தரையில் விழுந்தது.

தலை கீழே, கால் மேலே, தண்ணீர் ஒரு கை தூரத்தில், அது வேறு கட்டிப்போட்ட கை. பொத்தான் சார் பேசாமல் கிடந்தார். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. ஐந்து நிமிஷம் கழித்து, அக்கம் பக்கம் கேட்கக் கூடாது என்பது போல "பிட்டரே" என்றார். பிட்டர் டீக்கடையில் இருந்தார், இங்கேயே இருந்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"மேடம்."

பெரிய சிஸ்டர் நகரவில்லை. பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். எழுந்துவிடலாமா என்று நினைத்தாள், ஆனால் மேடம் என்று வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்பது போலவே இருந்தது.

"மேடம், இருக்கீங்களா?"

அப்புறம் நெடுநேரம் சத்தமே இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதெல்லாம் சரி, ஆனால் அந்தச் சத்தமில்லாத நேரம் அவளுக்கே தாங்கவில்லை. அந்த அமைதி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டர்..."

குரல் மாறியிருந்தது. அதில் வடிவமைப்பாளரும் இல்லை, தலைமையும் இல்லை. படுத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் வரும் அதே குரல். அவள் எழுந்ததே அவளுக்குத் தெரியாது. காது கேட்டு முடிப்பதற்குள் கால் போய்விட்டது, முதுகு என்று ஒன்று இருப்பதும் மறந்துவிட்டது. ஒரு கை அவர் கழுத்துக்கு அடியில், ஒரு கையில் டம்ளர். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வந்துட்டேன். மெதுவா குடிங்க, புரையேறிடும்."

அவர் குடித்தார். கட்டிலைச் சமமாக இறக்கினாள், கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள்.

"முதல்லயே சத்தமா கூப்பிட்டிருக்கலாம்" என்றார் அவர், தனக்குத்தானே சொல்வது போல. "ஏன் கூப்பிடலேன்னு தெரியல."

"வெட்கம் சார்." பெரிய சிஸ்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வார்டில் ஒரு நாளும் அவள் உட்கார்ந்ததில்லை. "நான் பதினோராம் பெட்டா இருந்தப்போ ஒரு மத்தியானம் பெல் கீழ விழுந்துடுச்சு. கட்ட மறந்துட்டாங்க. நான் பழக்கி விட்ட பிள்ளைங்கதான். வெளியில நின்னு பேசிட்டிருக்குறது கேக்குது. என் குரல் எந்தக் குரல்னு ஊருக்கே தெரியும், ஒரு தடவை கூப்பிட்டா போதும். கூப்பிட வரல. அரை மணி நேரம் தாகத்தோட கிடந்தேன். இருபத்து மூணு வருஷத்துல எத்தனை பேர் இப்படிக் கூப்பிடாம கிடந்தாங்களோன்னு நினைச்சேன். அழுதுட்டேன் சார்."

"அப்புறம் யார் வந்தா?"

"பத்தாம் பெட் பாத்துட்டாங்க. அவங்கதான் குரல் குடுத்தாங்க. 'சிஸ்டர், பதினோராம் பெட்டுக்குத் தண்ணி வேணுமாம்'னு."

பொத்தான் சார் கையிலிருந்த பிளாஸ்டரைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டினார். கூடவே முடியும் வந்தது, ஆனால் அவர் முகம் சுளிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பெரிய சிஸ்டர் உத்தரவை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் பாஷையிலேயே எழுதினாள். 'ஏழாம் பெட் பயந்துடுச்சு. பெல் எட்டல. தாகம். வெட்கத்துல கூப்பிடல.' மறுநாள் காலையில் மூத்த பிட்டர் அதைப் பார்த்துவிட்டுப் பழக்கத்தில் ஸ்பானரை எடுத்தார். பொத்தான் சார் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, பென்சிலைத் தேடினார்.

பதினோரு பொத்தான் மூன்றானது. அவருக்கு அது பெற்ற பிள்ளைகள் எட்டுப் பேரை விடுதிக்கு அனுப்பிய மாதிரி. மணி மட்டும் தனியாக, சிவப்பாக, கண்ணாடி இல்லாதவர் விரலுக்கும் தெரிகிற மேடாக. வழவழ பலகையின் இரண்டு பக்கமும் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வளையம். படத்தில் அதற்கு ஏதோ நீளமான பெயர் எழுதினார். பிட்டர் அதைக் கட்டுக்கண்ணி என்றார், அந்தப் பெயரே நின்றது. பார்க்க வந்த ஆஸ்பத்திரிக்காரர்களில் ஒரு வயதான நர்சம்மா வேறு எதையும் பார்க்கவில்லை, நேராக அந்த வளையத்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "யாருப்பா இங்க நர்ஸ்?" என்று கேட்டார்.

இதெல்லாம் கேட்ட நாத்தனார், "கட்டில்ல ஒரு ஓட்டை போடுறதுக்கா அஞ்சு மாசம்?" என்றார். பெரிய சிஸ்டர் மறுத்துப் பேசவில்லை. உண்மைதானே.

ஆறாவது மாதம் முடிகிற நாள் முதலாளியம்மா கூப்பிட்டு விட்டார். மேஜையில் புது ஒப்பந்தத் தாள். "ஒரு பெட் மாறணும்னு சொன்னேன், மாறிடுச்சு. இங்கயே இருக்கீங்களா? இருந்தா பதவின்னு இந்த இடத்துல என்ன போடட்டும்? ஆலோசகர்னு போடலாமா, மேலாளர்னு போடலாமா? யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

பெரிய சிஸ்டர் யோசிக்க வாயைத் திறந்தாள். அதற்குள் கொட்டகையிலிருந்து பொத்தான் சார் குரல் கேட்டது.

"சிஸ்டர், ரெண்டாம் பெட்டுக்குக் கால் வலிக்குதாம், கொஞ்சம் வாங்க."

அவள் பாதி வழி போன பிறகுதான், பதில் சொல்லாமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். முதலாளியம்மா கொண்டையிலிருந்து பென்சிலை உருவித் தாளில் அந்த இடத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சின்ன வார்த்தைதான், எழுத நேரம் பிடிக்கவில்லை.